செவ்வந்தி டீச்சர் கொடுத்த சாவி

செவ்வந்தி டீச்சர் கல்லூரிப் பக்கம் போனவர் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், பிறகு தஞ்சாவூரில் விடுதியில் தங்கி இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி. அந்தக் காலத்தில் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்க்க அது போதும். ஆனால் மன்னார்குடியை அடுத்து, பாமணி ஆற்றோரம் இருக்கும் எங்கள் ஊரில், தெற்குத் தெருவில் பிறந்த ஒரு பெண் அதைச் செய்தது சின்ன விஷயம் இல்லை. தெற்குத் தெருவில் அத்தனை பேரும் பண்ணைக் கூலிகள். டீச்சரின் அப்பா மருதையன் மிராசுதார் வைத்தியலிங்கத்தின் பண்ணையில் ஏர் ஓட்டினார். அம்மா காத்தாயி அதே பண்ணையில் நாற்று நட்டார், களை பறித்தார். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது.

பயிற்சியில் மாதிரி வகுப்பு என்று ஒன்று உண்டு. நிஜப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் எடுக்க வேண்டும். பயிற்சி ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறை கண்டுபிடிப்பார். முதல் தடவை செவ்வந்தி டீச்சரின் குரல் இரண்டு வரிசையைத் தாண்டவில்லை.

"ஏம்மா, உங்க ஊர்ல வரப்புல நின்னு ஆளைக் கூப்பிட மாட்டீங்களா? அப்படிக் கூப்பிடு" என்றாராம் அந்த அம்மாள்.

டீச்சர் அப்படியே கூப்பிட்டார். பக்கத்து வகுப்பிலிருந்தும் பிள்ளைகள் எழுந்து ஓடி வந்துவிட்டார்கள். தன் கதையில் டீச்சர் சிரித்துக்கொண்டு சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

எங்கள் பள்ளிக்கூடம் சர்க்கார் பள்ளி இல்லை, உதவி பெறும் பள்ளி. சம்பளம் சர்க்கார் கொடுக்கும். இடம், கட்டடம், யாரை வேலைக்கு வைப்பது என்கிற அதிகாரம் எல்லாம் வைத்தியலிங்கத்துடையது. ஓடு வேய்ந்த கட்டடம், பண்ணைக் களத்தை ஒட்டி நின்றது. அறுப்பு முடிந்ததும் பெரிய வகுப்பறையில் நெல் மூட்டைகளை அடுக்கிவிடுவார்கள். விற்றுத் தீரும்வரை நாங்கள் மூட்டைமேல் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வோம். வாத்தியார் உட்பட யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

வைத்தியலிங்கம் கதர் கட்டிக்கொண்டிருந்தவர். ஆட்சி மாறியதும் கரை வேட்டிக்கு மாறினார். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, நிலத்தை மைத்துனர் பேரில் கொஞ்சம், கோயில் பேரில் கொஞ்சம் என்று அவர் பிரித்து எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. தெற்குத் தெருப் பெண்ணுக்கு வேலை கொடுத்தேன் என்று மேடையில் சொல்லிக்கொள்வது அவருக்குத் தேவைப்பட்டது. மருதையனைக் களத்தில் நிறுத்தி, "ஒம் பொண்ண நாளைலேருந்து பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லு" என்றார். மருதையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாராம்.

வந்ததும் வேலை நிரந்தரமாகிவிடவில்லை. கல்வி இலாகாவின் இன்ஸ்பெக்டர் வந்து, இரண்டு ஆசிரியருக்கு வேண்டிய அளவு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பள்ளி நிர்வாகியான வைத்தியலிங்கம் சிபாரிசு செய்ய வேண்டும். ஒப்புதல் வந்த பிறகுதான் சர்க்கார் சம்பளம். அதுவரை பண்ணை வீட்டிலிருந்து டீச்சருக்கு நெல் அளந்தார்கள். அப்பாவுக்கு அளந்த அதே மரக்கால்.

தெற்குத் தெருவில் டீச்சரின் பக்கத்து வீடு அம்மாக்கண்ணு. வாய்க்குப் பூட்டு இல்லாதவர். செவ்வந்தியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர். நெல்லைத் தலையில் வைத்துக்கொண்டு டீச்சர் வருவதைப் பார்த்து, "ஏண்டி, இதுக்காடி தஞ்சாவூரு போயிப் படிச்ச? எங்கூட நாத்துப் பறிக்க வந்திருந்தீன்னா இதே நெல்லு இதே மரக்கால்ல வந்திருக்குமே!" என்பார்.

"இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போகட்டும் சின்னம்மா. அப்புறம் பாருங்க" என்பார் டீச்சர்.

"பாக்குறேன், பாக்குறேன். வாச்சு கட்டிக்கிட்டு வந்து எம் பேரன் காதத் திருகுவ, அதானே?"

பள்ளிக்கூடத்தில் முக்கால்வாசி தெற்குத் தெருப் பிள்ளைகள். மீதி, என் அத்தா மீரா உசேன் மளிகைக் கடை வைத்திருந்த கடைத்தெருவிலிருந்து நாங்கள் கொஞ்சம் பேர். முன்பிருந்த வாத்தியார்கள் தெற்குத் தெருப் பிள்ளைகளைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். டீச்சர் வந்த முதல் நாள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். எங்களோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தலைமை ஆசிரியர் தியாகராசன் சார் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டார். அவர் மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். பஸ் தாமதமானால் பள்ளிக்கூடத்தை யார் திறப்பது? அதனால் சாவி டீச்சர் வீட்டில் இருந்தது. கூரை வீட்டுச் சுவரில் ஆணி அடித்து அதில் மாட்டியிருந்தார்கள். காத்தாயி தினமும் அதைத் துடைத்து வைப்பாராம்.

அந்த வருஷம் தை மாதம், சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்த நேரம், தெற்குத் தெருக்காரர்கள் அறுப்புக் கூலியில் ஒரு மரக்கால் கூட்டிக் கேட்டார்கள். வைத்தியலிங்கம் முடியாது என்றார். மறுநாள் வரப்பில் செங்கொடி நட்டுவிட்டு ஒருவரும் அரிவாள் எடுக்கவில்லை. மருதையன் முன்னால் நின்று பேசுகிற ஆள் இல்லை. ஆனால் கொடிக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டார். அறுக்காமல் விட்டால் கதிர் கொட்டிப்போகும், ஐயா இறங்கி வந்துதான் ஆக வேண்டும் என்பது தெருவின் கணக்கு. சரியான கணக்குதான். வெளியாள் வந்தால் மட்டும் அது பலிக்காது. வெளியாள் வந்தாலும் தங்குவதற்கு ஊரில் இடம் கிடையாது.

அன்று விளக்கு வைக்கிற நேரம் பண்ணைக் காரியக்காரர் இராஜாங்கம் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆண்கள் எல்லோரும் கொடிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அடுப்படியில் காத்தாயி மட்டும்.

"ஐயா பள்ளிக்கூடத்துச் சாவிய வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றார் இராஜாங்கம்.

"எதுக்குங்க?"

"வருஷா வருஷம் எதுக்கு? மூட்ட போடத்தான்."

அறுக்காத வயலிலிருந்து மூட்டை வராது. எங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கூட இதைக் கேட்டிருக்கும். டீச்சர் கேட்கவில்லை. கேட்டால் இராஜாங்கம் உண்மையைச் சொல்லிவிடுவார், சொல்லிவிட்டால் சாவியைக் கொடுக்க முடியாது. மூட்டை என்ற சொல் அவருக்கு வசதியாக இருந்தது.

இராஜாங்கம் செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வர்றாராம். ஐயாதான் எழுதிக் குடுக்கணும்ல?" என்றார். மிரட்டுகிற குரல் கூட இல்லை. டீச்சர் சாவியை எடுத்துக் கொடுத்தார். காத்தாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர், ஊதுவதை நிறுத்திவிட்டு மகளையே பார்த்தார்.

விடிந்ததும் இரண்டு லாரி வந்தது. ராமநாதபுரத்துப் பக்கம் வானம் பார்த்த பூமிக்காரர்கள், ஆணும் பெண்ணும், சட்டி பானையோடும் அரிவாளோடும் இறங்கினார்கள். நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் போனார்கள். பின்னாலேயே போலீஸ் ஜீப். பள்ளிக்கு அறுவடை விடுமுறை என்று வைத்தியலிங்கம் சொல்லி அனுப்பினார்.

அதோடு முடிந்திருந்தால் கூட, சாவியைப் பண்ணையார் பிடுங்கிக்கொண்டார் என்று தெரு நினைத்துக்கொண்டிருக்கும். அன்றைக்குச் சாயந்தரம் தெற்குத் தெரு அடிபம்பில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். டீச்சரும் நின்றிருந்தார். வெளியூர்க்காரிகளில் ஒருத்தி, இடுப்பில் குழந்தை, கையில் தவலை, தயங்கித் தயங்கி வந்தாள். யாரும் வழி விடவில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு டீச்சரிடம் வந்தாள்.

"நீங்கதான் டீச்சரம்மாவா? அந்தக் காரியக்கார ஐயா சொன்னாரு, அவரு கேட்டதும் நீங்க தெறந்து குடுத்துட்டீங்கன்னு. இல்லாட்டி இந்தப் பச்சப் புள்ளையோட பனியிலல்ல கெடக்கணும்? மகராசியா இருப்பீங்க தாயி."

மனசார வாழ்த்திவிட்டுத் தவலையை நீட்டினாள். அம்மாக்கண்ணுதான் முதலில் அசைந்தார். அந்தப் பெண்ணின் தவலையை வாங்கிப் பம்படியில் வைத்து, அது நிரம்பும்வரை தானே அடித்துக் கொடுத்தார். "புள்ளைய மறைச்சுக்க, காத்து அடிக்குது" என்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்க புடிச்சுக்கங்க டீச்சர். எங்களுக்கு அவசரமில்ல."

பிறந்ததிலிருந்து 'ஏண்டி', 'வாடி' என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது. எல்லாப் பெண்களும் ஒதுங்கி டீச்சருக்கு வழி விட்டார்கள். டீச்சர் வெறுங்குடத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

தெருவின் கண்ணெதிரே சம்பா அறுபட்டது. தெற்குத் தெரு தோற்றது. பழைய கூலிக்கே திரும்பி வேலைக்குப் போனார்கள். மருதையனும் போனார். மகளை அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் காத்தாயியைப் பார்த்து, "டீச்சருக்குச் சோறு போடு" என்று மட்டும் சொன்னார்.

லாரி திரும்பிப் போன பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. தாழ்வாரத்தில் அடுப்புக் கரி, உள்ளே வைக்கோல், கரும்பலகையில் யாரோ குழந்தை கிறுக்கிய கோடுகள். டீச்சர் தானே கூட்டிக் கழுவினார். மணி அடித்தார். கடைத்தெருவிலிருந்து நாங்கள் போனோம். தெற்குத் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. அவ்வளவு பெரிய அறையில் நாங்கள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். டீச்சர் மெதுவாகத்தான் பாடம் சொன்னார், ஆனாலும் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

சாயந்தரம் வீடு வீடாகப் போனார். யாரும் கதவைச் சாத்தவில்லை.

"வாங்க டீச்சர், உக்காருங்க. ஏ, அந்தப் பாய எடுத்து உதறிப் போடு!"

"இல்ல அத்தாச்சி, நிக்கிறேன். புள்ளைங்கள ஏன்..."

"காச்ச டீச்சர். ஒடம்பு அனலாக் கொதிக்குது."

காய்ச்சல்காரப் பிள்ளை பின்னால் புளியங்காய் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டில் வயிற்றுவலி, அதற்கடுத்த வீட்டில் தாய்மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறது. எல்லா வீட்டிலும் பாய் விரித்தார்கள். எல்லா வீட்டிலும் டீச்சர், டீச்சர். திட்டினால் திருப்பிப் பேசலாம், அழலாம், காலில் கூட விழலாம். மரியாதை கொடுக்கிறவர்களிடம் என்ன செய்வது?

இன்ஸ்பெக்டர் வரும் தேதி நெருங்கியது. தியாகராசன் சாருக்கு உதறல். "இந்தாம்மா, இத்தனை புள்ளைங்கள வச்சுக்கிட்டு ரெண்டாவது போஸ்ட்டு நிக்காது. அதுல உக்காந்திருக்கறது நீதான். ஐயாகிட்டப் போயிச் சொல்லு" என்றார்.

டீச்சர் பண்ணை வீட்டுக்குப் போனார். வைத்தியலிங்கம் ஊஞ்சலில் இருந்தபடி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இவ்வளவுதானே? அவனுங்களுக்கு நடவு வேல வேணுமா வேணாமா? புள்ளைய அனுப்பாதவன் எவனும் என் வயல்ல கால் வைக்கக்கூடாதுன்னு இராஜாங்கத்த விட்டுச் சொல்லச் சொல்றேன். நீ போ."

வேண்டாம் என்று சொல்லத்தான் டீச்சர் வாயைத் திறந்தார். "சரிங்க ஐயா" என்று வந்தது.

இன்ஸ்பெக்டர் வந்த காலை, மணி அடிப்பதற்கு முன்பே தெற்குத் தெருப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஒருவர் பாக்கியில்லாமல், தலையில் எண்ணெய் வழிய, துவைத்த உடுப்பில், வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். என் பக்கத்தில் எப்போதும் உட்காரும் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. டீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பலகை சுத்தமாகத்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். ஒருத்தியை வாசிக்கச் சொன்னார், வாசித்தாள். ஒருவனைக் கணக்குக் கேட்டார், சொன்னான். "டீச்சர் நல்லாச் சொல்லித் தர்றாங்களா?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். தெற்குத் தெருப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அம்மாக்கண்ணுவின் பேத்தி எழுந்து, "நல்லாச் சொல்லித் தர்றாங்க சார்" என்றாள். டீச்சர் கரும்பலகை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி. தியாகராசன் சார் இளநீர் வெட்டச் சொன்னார்.

இன்ஸ்பெக்டரின் ஜீப் களத்தைத் தாண்டியதும் அம்மாக்கண்ணு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"போயாச்சுல்ல? எந்திரிங்க எல்லாரும். வயல்ல உங்காத்தாக்காரிக தேடுறாளுவ."

பிள்ளைகள் எழுந்தார்கள். டீச்சர் வாசலுக்கு ஓடினார்.

"சின்னம்மா, இராஜாங்கம் வந்து மெரட்டுனது... நான் வேணாம்னுதான் நெனச்சேன் சின்னம்மா..."

"அவன் வந்தான். தெருமொனையிலேயே நிறுத்தி, போடா வேலையப் பாத்துக்கிட்டுன்னு அனுப்பிட்டோம். நடவுக்கு எங்கள விட்டா அவுங்க ஐயாவா எறங்கி நடப்போறாரு? அறுப்புக்கு வந்தவன் நடவுக்கு வரமாட்டான். அது அவருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் அனுப்புனீங்க?"

அம்மாக்கண்ணு பேத்தியின் தலையைக் கோதி விட்டுக்கொண்டே சொன்னார்.

"உங்கள எடுத்துட்டா ஐயா அவரு மச்சினன் மவளக் கொண்டாந்து வைப்பாரு. அவ எங்க புள்ளைங்களத் தாழ்வாரத்துல உக்கார வைப்பா. நீங்க உள்ள உக்கார வச்சீங்க. அதுக்குத்தான். வரட்டுமா டீச்சர்?"

டீச்சர் கேட்க ஏங்கிய 'ஏண்டி' மட்டும் அதில் இல்லை. பிள்ளைகள் வரப்பில் வரிசையாகப் போவதை நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அந்த மாதக் கடைசியில் ஒப்புதல் வந்தது. செவ்வந்தி டீச்சர் சர்க்கார் சம்பளம் வாங்கும் இடைநிலை ஆசிரியை ஆனார். தெற்குத் தெருவில் யாருக்கும் அவர் சர்க்கரை கொடுக்கவில்லை. எங்கள் கடையில் சர்க்கரை வாங்க வந்து, அத்தா பொட்டலம் மடித்து நீட்டிய பிறகு, வேண்டாம் பாய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் திரும்பி வந்தது குறுவை நடவில். தெரு முழுக்கப் பெண்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒரு காலையில் பள்ளிக்கூடத்துப் படியில் ஒரு கைக்குழந்தையையும் அதைப் பார்த்துக்கொள்ள அதன் அக்காளையும் விட்டுவிட்டு ஒருத்தி வயலுக்குப் போனாள். மறுநாள் இன்னும் இரண்டு. டீச்சர் குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அக்காளுக்குச் சிலேட்டைக் கொடுத்தார். அப்புறம் வகுப்பறையின் குறுக்கே புடவையில் தூளி கட்டினார். பயிற்சியில் சொல்லித் தந்த எதுவும் அந்த அறையில் உதவவில்லை. பாடம் நடத்துவார், மூத்திரம் துடைப்பார், பாடம் நடத்துவார். தியாகராசன் சார் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் இப்போது தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறார். இன்னொருத்தி என்னைப் போலவே நர்ஸ். நான் நர்ஸ் வேலையில் பல ஊர், கடல் தாண்டியும் சில ஊர் சுற்றிவிட்டு, எங்கேயும் கால் தரிக்காமல் திரும்பி வந்திருக்கிறேன். டீச்சர் அதே கட்டடத்தில் இருக்கிறார். உதவி பெறும் பள்ளியிலிருந்து மாறுதல் கேட்கவும் வழியில்லை. சாவியைக் கொடுத்த ஊரிலேயே, அதே தெருவிலேயே, தினமும் அதே முகங்களைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. மருதையன் சாகும்வரை மகளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார். அதே தெருவில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து டீச்சர் வந்தாலும் எழுந்து நின்றார்.

போன வாரம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது அம்மாக்கண்ணு வந்தார். முதுகு வளைந்துவிட்டது. கொள்ளுப் பேரனைக் கூட்டிப் போக வந்திருந்தார்.

"நீ மீரா உசேன் பாய் மவதானே? எப்பப் புள்ள வந்த? அரபு நாட்டுக்குப் போயும் சதையே போடலியே!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். திரும்பி, "வரேன் டீச்சர்" என்றார், மெல்லத் தலையை அசைத்து. போய்விட்டார்.

அவர் களத்தைத் தாண்டும்வரை டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுங்ககிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?" என்றேன்.

"எதை?"

"தப்புப் பண்ணிட்டேன்னு."

டீச்சர் தூளியை ஆட்டி விட்டார். உள்ளே குழந்தை தூங்கிவிட்டது. இருந்தாலும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"சொன்னா, 'பரவால்ல விடுங்க டீச்சர்'ம்பாங்க ஆமினா. அதை என்னால கேக்க முடியாது."